காஜா வைத்த கவர்

அவள் கை வைத்தால் கம்ப்யூட்டர் பெட்டி பறக்கும், அவள் படியிறங்கியதும் படுத்துக்கொள்ளும் என்று பேச்சு கிளம்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. கிளப்பியவர்கள் வேண்டாதவர்கள் இல்லை. இரண்டு வருஷமாக அவளை 'ஸ்பீடு' என்று கூப்பிட்டு, அந்தப் பெயரையே போனில் பதிந்து வைத்திருந்தவர்கள்தான். அதனால்தான் அது அவளுக்கு உறைத்தது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில் போன மாதம் வந்த விளையாட்டை ஓடவைப்பது ஸ்பீடின் தொழில். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கடைக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அவள் சொல்லமாட்டாள். பெட்டியைத் திறந்து தூரிகையால் தூசியைக் கிளப்புவாள். பிராசஸர் மேல் சூட்டை இறக்கவென்று பூசி, காய்ந்து பொருக்காகிப்போன பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பயறளவு வைப்பாள். பழைய டிஸ்கைக் கழற்றி வேகமானதைப் பொருத்துவாள். பெட்டி விழித்ததும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும் பத்துப் பதினைந்து புரோகிராம்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்புவாள். கடைசியில் விளையாட்டுக்குள்ளேயே நுழைந்து நிழல்களைக் குறைப்பாள்.

"மரத்துக்கு நிழலே இல்லையேம்மா" என்று பல் டாக்டரம்மா ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார்.

"மரத்தடியில உக்காரவா போறீங்க, ராட்சசனை அடிக்கவா போறீங்க? நிழல்தான் டாக்டர் இருக்கறதிலயே அதிகமா தின்னுது."

டாக்டரம்மா அதைத் தன்னிடம் வரும் நோயாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அப்படித்தான் பெயர் பரவியது.

அண்ணன் வீட்டு முன்னறையில் பாதி ஸ்பீடுடையது, பாதி அண்ணியுடையது. அண்ணி பஸ்களுக்கு சீட் கவர் தைப்பவள். அவள் பக்கத்துச் சுவரில் ரெக்சின் சுருள்கள், கல்யாண வீட்டில் இடம் கிடைக்காமல் நிற்கும் உறவுக்காரர்களைப்போலச் சாய்ந்து நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பையோடும் ஒரு கம்ப்யூட்டரோடும் ஸ்பீடு புகுந்த வீட்டை விட்டு இங்கே வந்து இறங்கியபோது, அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. அளவு நாடாவை எடுத்துவந்து கம்ப்யூட்டரின் நீள அகலத்தை அளந்தாள். மறுநாள் மதியம் மிச்ச ரெக்சினில் அதற்கு ஒரு கவர் தயாராக இருந்தது. "தூசி படாம இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

அன்றிலிருந்து ஸ்பீடு சரிசெய்து அனுப்பும் பெட்டிகளோடு ஒரு கவரும் இலவசமாகப் போகத் தொடங்கியது. அரக்கு நிற ரெக்சின், உள்ளே மெல்லிய ஃபோம், ஓரமெல்லாம் உருட்டித் தைத்த மஞ்சள் பைப்பிங். "உள்ள நீ, வெளிய நான்" என்பாள் அண்ணி. "தண்ணி ஊத்தினாலும் உள்ள போகாது. பத்து வருஷம் உழைக்கும்."

அந்த வியாழக்கிழமை காலை அண்ணன் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே பேச்சை எடுத்தான். அவன் ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்ப்பவன். எதையும் உரித்து முடிப்பதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பவன்.

"பாப்பா, சீட்டுப் பதியற கவுன்ட்டர்ல ஒரு இடம் காலியா இருக்கு. திங்கக்கிழமை பேர் குடுத்துடணும்."

"எனக்குத்தான் இடம் இருக்கேண்ணா."

"எங்க?"

"தோ." அவள் ரொட்டித் துண்டால் முன்னறை மேசையைக் காட்டினாள்.

"அது மேசை. நான் சொல்றது வேலை."

"கவுன்ட்டர் மட்டும் என்னவாம்" என்றாள் அண்ணி, டீயை ஆற்றிக்கொண்டே. "அதுவும் மேசைதான். கொஞ்சம் நீளம்."

"நீ சும்மா இரு. மூணு வாரத்துல ஆறு பேர் கூப்பிட்டாச்சு. வழியில நிறுத்திக் கேக்கறாங்க, 'என்ன சார், உங்க ஸ்பீடு ஸ்லோ ஆயிடுச்சாமே'ன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தங்கச்சியை ஊர் சிரிப்பதை அவனால் தாங்க முடியவில்லை என்பது தெரிந்தது. அந்தப் பரிவு வேண்டாம் என்பதற்காகவே அவள் சொன்னாள்:

"இனிமே ஒண்ணும் திரும்பி வராதுண்ணா. ஒண்ணே ஒண்ணு வந்தாலும் திங்கக்கிழமை உங்க கவுன்ட்டர்ல போய் உக்காந்துக்கறேன். போதுமா?"

சொல்லி முடித்து டீயை வாயில் வைக்கவில்லை. மேசைமேல் போன் அதிர்ந்தது. பேக்கரி மாஸ்டர்.

"எடுக்காத" என்றாள் அண்ணி.

"எடு" என்றான் அண்ணன்.

எடுத்தாள். "ஸ்பீடு, மறுபடியும் மூச்சு வாங்குதும்மா" என்றது மாஸ்டரின் குரல், மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி. அண்ணன் முட்டைமேல் உப்பைத் தூவினான்.

*

மாஸ்டர் வீடு பேக்கரிக்கு மேல்மாடி. அடுப்புச் சூடு தரை வழியாகச் செருப்புக்குள் ஏறும். வெளியே வெயில் வேறு. மாஸ்டர் காலை வேலையை முடித்துவிட்டு, முழங்கைவரை மாவுத்தூளோடு, கார் பந்தய விளையாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்தின் இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவர் மீதி நாளைப் பொறுத்துக்கொள்கிறார் என்று அவர் மனைவியே சொல்லுவாள்.

"மாவோடயே பேசிப் பேசி வாய் செத்துப்போச்சு. இதுல ரெண்டு ரவுண்டு போனாத்தான் நான் மனுஷனாகறேன்" என்றார். "முதல் மூணு ரவுண்டு வெண்ணெய் மாதிரி போகுது. நாலாவதுல வளைவுல திருப்பறேன். கார் இங்க இருக்கும், அப்புறம் பார்த்தா சுவத்துல இருக்கும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு அதுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை."

"இப்ப ஓட்டுங்க. நான் பார்க்கறேன்."

பெட்டி மேசைமேல் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவள் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். தூசி இல்லை. போன வாரம் வைத்த பேஸ்ட் ஈரம் காயாமல் இருந்தது. மூடிவிட்டு அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திரையின் மூலையில் பிராசஸரின் சூட்டைக் காட்டும் எண்ணை அவளே வைத்திருந்தாள். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. முக்கால் மணி நேரம் மாஸ்டர் ஓட்டினார். எண் எழுபத்துநாலைத் தாண்டவில்லை. கார் ஒரு வளைவிலும் தடுமாறவில்லை.

"பாருங்க மாஸ்டர், ஓடுது."

"நீ இருக்கறதால ஓடுது. போலீஸ் நிக்கற தெருவுல எல்லாரும் நேராத்தான் ஓட்டுவான்."

அவளுக்குச் சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் அதில் ஒரு உண்மை இருந்தது. போனில் கேட்கும்போதெல்லாம் இதே மாஸ்டர் இதே மூலையைப் பார்த்துத் தொண்ணூற்றெட்டு என்று படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தச் சூட்டில் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் கார் சுவரில் போய் நிற்கிறது. அவ்வளவு தூரம் அவளுக்குத் தெரியும். ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது? அடுப்பின் சூடு என்று நினைத்தாள். டாக்டரம்மா வீட்டில் ஏசி குளிரில் போர்த்திக்கொண்டு விளையாடுகிறார்கள். அங்கேயும் தொண்ணூற்றெட்டு.

சொல்லிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை வரை போனபிறகுதான் தூரிகையை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பாதிப் படி ஏறுகையிலேயே காதில் விழுந்தது. ஃபேன் கதறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கதவு திறந்தே இருந்தது. மாஸ்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் பெட்டி அரக்கு நிற ரெக்சின் கோட்டைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் பைப்பிங், பின்னால் ஒயர்களுக்கு மட்டும் ஒரு கீறல், முன்னால் ஆன் பண்ணும் பட்டனுக்கென்று நூலால் ஓரம் கட்டிய ஓட்டை. தையல்காரர்கள் அதைக் காஜா என்பார்கள். அதன் வழியாகப் பட்டனின் நீல வெளிச்சம் எட்டிப் பார்த்தது. திரையின் மூலையில் தொண்ணூற்று மூன்று.

"மாஸ்டர், இதை எப்பப் போட்டீங்க?"

"நீ போனதும். எப்பவும் போட்டுத்தானே இருக்கும்."

"ஓடும்போதுமா?"

மாஸ்டரின் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "அதுக்குத்தானே உங்க அண்ணி ஓட்டை வச்சுக் குடுத்திருக்காங்க. கழட்டவே வேண்டாம், இது வழியா அமுக்கிக்கங்கன்னு. நீங்க வர்றப்ப மட்டும் கழட்டி மடிச்சு வைப்பேன், டாக்டர்கிட்ட சட்டையைக் கழட்டற மாதிரி."

ஸ்பீடு கவருக்கு அடியில் கையை விட்டாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டித் தட்டுபோல இருந்தது. கவரை உருவினாள். மூன்று பேரும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொண்ணூறு, எண்பத்து நாலு, எழுபத்தெட்டு. ஃபேன் கதறலை நிறுத்திவிட்டு முனகத் தொடங்கியது.

"அட" என்றார் மாஸ்டர் மெதுவாக. "கம்பளியைப் போர்த்திக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடச் சொல்லியிருக்கோம்."

"இதை நான் எடுத்துட்டுப் போறேன் மாஸ்டர். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கறேன்."

*

படியிறங்கும்போது அவளுக்குப் பறக்கவேண்டும்போல இருந்தது. என் தப்பு இல்லை, என் பேஸ்ட் இல்லை, என் கை இல்லை. கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் அப்படியென்றால் யாருடையது என்ற கேள்வி எதிரே வந்து நின்றது.

அவள் வாழப்போன வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால், சில்லுகளைப் பெருக்குவதற்கு முன்னால் உடைத்தவர் பெயர் தெரிந்தாகவேண்டும். ஐந்து வருஷம் அந்தப் பெயராக இருந்து பார்த்தவள் அவள். அதே விரலை இப்போது அண்ணி பக்கம் நீட்டுவதா?

வேறு வழியும் இருந்தது. ஆறு வீட்டுக்கும் போன் செய்து, ஓடும்போது கவரைக் கழற்றிவிடுங்கள் என்று சொன்னால் போதும். பெட்டிகள் சரியாகிவிடும். அண்ணிக்குத் தெரியவே வேண்டாம். அண்ணனிடம் பேஸ்ட் சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால் திங்கட்கிழமை கவுன்ட்டர். போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தத் தியாகம் மனசுக்கு இதமாகவும் இருந்தது. அந்த இதம்தான் அவளை உஷார்ப்படுத்தியது. அந்த வீட்டிலும் இப்படித்தான், உன் நன்மைக்காக என்று பல விஷயங்களை அவளிடமிருந்து மறைத்தார்கள். அவளைக் குழந்தையாக்கி வைத்தார்கள். அண்ணி குழந்தை இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காஜா வைத்த ஏழாவது கவர். அண்ணி தலை தூக்காமலே சொன்னாள்:

"இந்தத் தடவை அடியிலயும் ஒரு மடிப்பு வைக்கறேன். எறும்புகூட நுழைய முடியாது."

"அண்ணி, கொஞ்சம் நிறுத்துங்க." மாஸ்டர் வீட்டுக் கவரை நீட்டினாள். "இதை மூஞ்சிமேல வச்சுக்கங்க."

"எதுக்கு, அழகு பார்க்கவா?"

"மூக்கும் வாயும் மூடற மாதிரி. வச்சுக்கிட்டு மூச்சு விடுங்க."

அண்ணி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கவரை முகத்தில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். ஒரு மூச்சு. இரண்டு. ஐந்தாவதில் பிடுங்கி எறிந்தாள். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

"இதென்னடி விளையாட்டு?"

"பெட்டியும் அப்படித்தான் அண்ணி இருந்திருக்கு. அதுக்கும் காத்து உள்ள போய் வெளிய வரணும். ஓடும்போதும் இதைப் போட்டே வச்சிருக்காங்க. எல்லா வீட்டுலயும்."

அண்ணி கவரைப் பார்த்தாள். காஜாவுக்குள் விரலை விட்டுச் சுற்றினாள். ரொம்ப நேரம் சுற்றினாள்.

"போன மாசம் டாக்டரம்மா சொன்னாங்க, ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்ட சலிப்பா இருக்குன்னு. நான்தான் யோசிச்சு இதை வச்சேன். கழட்டவே வேண்டாம்னு வீடு வீடா சொன்னேன்." நிறுத்தினாள். "எத்தனை?"

"ஆறு."

"ஆறு கழுத்தை நெரிச்சிருக்கேன். பழியெல்லாம் உனக்கு."

"நானும் பார்த்திருக்கணும் அண்ணி. இது எதுக்குன்னு ஒரு தடவைகூட உங்ககிட்டக் கேக்கலை."

"ஆமா, கேக்கலை" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "அழகா இருக்குன்னு சொன்ன. எதுக்குன்னு கேக்கலை."

சுருக்கென்றது. உண்மைதான். அண்ணியின் தையலை அவள் ஒருநாளும் வேலையாகப் பார்த்ததில்லை. பிரியமாகப் பார்த்தாள், பரிசாகப் பார்த்தாள், பெட்டி வெளியே போகும்போது மாட்டிவிடுகிற பூவாகப் பார்த்தாள். கேட்டிருந்தால் முதல் காஜாவின் அன்றைக்கே தெரிந்திருக்கும். தன் வேலையை வெறும் மேசை என்று அண்ணன் சொன்னபோது வந்த எரிச்சலும் இதுவும் ஒரே துணியின் இரண்டு பக்கம்.

அண்ணி எழுந்து போனாள். அழப் போகிறாளோ என்று ஸ்பீடு நினைத்தாள். அண்ணி திரும்பி வந்தபோது கையில் சாக்குக்கட்டி இருந்தது.

"உன் பெட்டியைக் கொண்டா. காத்து எந்தப் பக்கமா உள்ள போகுது?"

"முன்னாடி. கொஞ்சம் அடியிலயும்."

"வெளிய?"

"பின்னாடியும் மேலயும்."

"அப்ப வயித்தை மூடலாம், மூக்கை மூடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே அண்ணி பெட்டியின்மேல் சட்டைக்குக் குறிப்பதுபோலக் கோடுகள் போட்டாள். பிறகு சுவரோரம் கிடந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். பஸ் சீட்டுக்குப் பின்னால் பை வைத்துத் தைக்கும் வலைத்துணியில் நாலைந்து வகை இருந்தது. மெஷின் பலகையில் நூல் துணுக்குகளைப் பரப்பி, ஒவ்வொரு துணியையும் வாய்க்கு நேரே பிடித்து ஊதினாள். முதல் துணியில் ஒரு துணுக்கும் அசையவில்லை. "இது வேண்டாம்." இரண்டாவதில் நாலைந்து புரண்டன. மூன்றாவதில் எல்லாம் பறந்து ஸ்பீடின் மடியில் விழுந்தன.

"ஆனா இதுல தூசியும் போகுமே அண்ணி."

"தூசி போனா நீ துடைப்ப. உனக்கும் வேலை வேணாமா?"

அன்று மாலை இரண்டாவது துணியில் தைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேர விளையாட்டில் எண்பத்து நாலு. அண்ணி வாயைச் சுழித்துவிட்டுத் தையலைப் பிரித்தாள். மறுநாள் மூன்றாவது துணி. பின்பக்கம் துணியே இல்லை, முன்பக்கமும் மேலும் அடியும் வலை, பக்கவாட்டில் மட்டும் ரெக்சின். எழுபத்தாறு. அண்ணி எண்ணைப் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். "மூச்சு விடுது" என்றாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். பேச்சை ஸ்பீடு எடுப்பதற்குள் அண்ணி எடுத்துவிடுவாள். "இவ வேலையில ஒரு குறையும் இல்லை. நான் தைச்ச கோட்டுதான் புழுங்கிடுச்சு. பழசைக் குடுங்க, இந்தாங்க புதுசு." சொல்லும்போது தலை குனியவில்லை. பல் டாக்டரம்மா மட்டும் பழையதைக் கொடுக்க மனமில்லாமல் தடவிக்கொண்டே நின்றார்.

"நல்லா இருந்துச்சே."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அண்ணி. "பல்லுக்குக்கூடத்தான் தங்கம் கட்டினா நல்லா இருக்கு. மெல்ல முடியணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாஸ்டர் போன் செய்தார். "ரெண்டு மணி நேரம் ஆச்சு. கோட்டு போட்டபடியேதான் ஓட்டறேன். எழுபத்தேழைத் தாண்டலை. மூணு தடவை முதல்ல வந்துட்டேன். நீ எங்க இருக்க?"

"வீட்டுலதான் மாஸ்டர்."

"அங்கயே இரு. போலீஸ் இல்லாமலே ஒழுங்கா ஓடுது."

*

திங்கட்கிழமை காலை அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ரொட்டிக்கு வந்து உட்கார்ந்தான். நாலு நாளாக முன்னறையில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கேட்கவில்லை. பெட்டிகள் சரியாகிவிட்டன, நிஜம்தான். ஆனால் வாக்கு வாக்குதான். ஒன்று வந்தாலும் என்று சொன்னவள் ஸ்பீடுதான், அது வந்ததும் நிஜம்.

"பாப்பா, ஆபீஸ்ல என்ன சொல்லட்டும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு கையிலும் அரக்கு நிறம். ஆறு கவர்களையும் அவன் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். டீக் கோப்பையைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

"திரும்பி வந்தது இதுதாங்க. பெட்டி ஒண்ணுகூட இல்லை. இதைத் தைச்சது நான். யார் வேலை திரும்பி வந்தாலும் கவுன்ட்டர்னுதானே பேச்சு? நான் வேணும்னா வந்து உக்காந்துக்கறேன். சீட்டு எழுதத் தெரியாது. உங்க நாற்காலிக்கெல்லாம் கவர் தைச்சுத் தர்றேன்."

அண்ணன் மேலே இருந்த கவரை எடுத்தான். புரட்டினான். காஜாவுக்குள் விரலை விட்டு, அந்தப் பக்கம் வெளியே வந்த விரல்நுனியைப் பார்த்தான். அவன் உதடு கோணியது. சிரிப்பை அடக்கும்போது அவனுக்கு அப்படித்தான் ஆகும்.

"இந்த ஓட்டையாலதான் எல்லாமா?"

"ஓட்டையில குறை இல்லை" என்றாள் அண்ணி. "மத்த இடத்துல ஓட்டை இல்லாததுதான் குறை."

"அப்ப ஆபீஸ்ல..."

"வேற ஆளைப் பார்க்கச் சொல்லுங்கண்ணா" என்றாள் ஸ்பீடு. "எனக்கு வேலை இருக்கு. மேசை இல்லை. வேலை."

அவன் அவளைப் பார்த்தான். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு முட்டையை எடுத்து மேசையில் தட்டினான். உரித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. முடித்த பிறகும் பேசவில்லை.

அவன் போனதும் முன்னறையில் வழக்கமான சத்தங்கள் தொடங்கின. புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. ஸ்பீடு ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். எதிரே அண்ணி வலைத்துணியின் மூலையை மடித்து, இரண்டு தையல் ஓட்டி, மறுபடி மடித்தாள். ஸ்பீடு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு அண்ணியின் பக்கம் போனாள்.

"அண்ணி, அந்த ரெண்டாவது மடிப்பு எதுக்கு?"

அண்ணி மெஷினை நிறுத்தினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

"அதுவா" என்றாள். "உக்காரு, சொல்றேன். நிறைய இருக்கு."